மருந்து கொடுக்கும் பிள்ளைகளும் மௌனம் காக்கும் சட்டமும்

புது தில்லி: எய்ம்ஸ் மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கான வரிசை பொழுது புலரும் முன்பே தொடங்கிவிடுகிறது. பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலேறி வந்து நடைபாதையில் இரவைக் கழித்தவர்கள் அதில் பலர். எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி நிற்பவர்களில் பள்ளி வயதுப் பிள்ளைகளும் உண்டு. தாய் படுக்கையில் விழுந்து, தந்தை ஒருநாள் கூலியையும் இழக்க முடியாத வீட்டில் துணைக்கு வர மிஞ்சுவது மூத்த பிள்ளைதான், பெரும்பாலும் மகள்.

2020 மே மாதம், பொது முடக்கத்தின்போது, விபத்தில் காயமுற்ற தந்தையை மிதிவண்டியில் அமர்த்தி, குருகிராமிலிருந்து தர்பங்காவுக்குச் சுமார் 1,200 கி.மீ. அழைத்துச் சென்ற 15 வயதுச் சிறுமியை நாடே கொண்டாடியது. மறு ஆண்டு பிரதமரின் பால புரஸ்கார் விருதும் கிடைத்தது. ஆனால், அவர் குருகிராமுக்குச் சென்றதே தந்தைக்குப் பணிவிடை செய்யத்தான் என்பது அதிகம் பேசப்படவில்லை. சாகசம் கண்ணில் படுகிறது. அன்றாடப் பணிவிடை படுவதில்லை.

அந்தப் பணிவிடை மனதில் விட்டுச்செல்லும் சுவடும் அப்படித்தான். இரவில் நோயாளியின் மூச்சுச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிப் படுத்திருக்கும் பிள்ளை, வகுப்பறையில் உறங்கிப்போகிறது. "நாம் வெளியே இருக்கும்போது ஏதேனும் நேர்ந்துவிட்டால்' என்ற அச்சம் விளையாட்டுத் திடலிலும் பின்தொடர்கிறது. சில வேளை நோயாளி மீதே எரிச்சல் வரும். அடுத்த கணம் குற்ற உணர்வு. இதை யாரிடம் சொல்வது? "பொறுப்பான பிள்ளை' என்று ஊர் சூட்டிய பெயரே வாயை அடைத்துவிடுகிறது. பொறுப்பினால் தன்னம்பிக்கை பெறுவோரும் உண்டு, அதையும் மறுப்பதற்கில்லை.

மாநிலங்களவையில் 2016 ஆகஸ்ட் 8-ம் தேதியும், மக்களவையில் 2017 மார்ச் 27-ம் தேதியும் நிறைவேறிய மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகம் பேசப்பட்டது தற்கொலை முயற்சி தொடர்பான பிரிவு. பராமரிப்பாளர் யார் என்ற விளக்கமும் அதில் உண்டு. நோயாளியுடன் வசித்து, ஊதியம் பெற்றோ பெறாமலோ அவரைக் கவனிப்பவர் என்கிறது 2-வது பிரிவு. வயது வரம்பு இல்லை. ஆனால், 14-வது பிரிவின்படி நோயாளியின் நியமனப் பிரதிநிதியாகச் சிறார் இருக்க இயலாது. சிகிச்சை விவரங்களை அறியும் உரிமையை நோயாளிக்கும் அந்தப் பிரதிநிதிக்கும்தான் 22-வது பிரிவு தருகிறது.

மனச்சிதைவு நோயுள்ள தாயுடன் தனித்து வாழும் 16 வயது மகளை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். நாள்தோறும் மாத்திரை கொடுப்பவர் அவரே. அம்மாத்திரை என்ன செய்யும் என்று கேட்டறியும் உரிமை அவருக்குச் சட்டப்படி இல்லை. சிறார் தலையில் முடிவுகளைச் சுமத்தக் கூடாது என்பது நியாயமே. முடிவு மட்டும்தான் அவர்மீது சுமத்தப்படவில்லை. மற்றதெல்லாம் அவர் தலையில்தான்.

இங்கிலாந்தில் 2014-ல் நிறைவேறிய குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம், இத்தகைய பிள்ளைகளுக்கு என்ன உதவி தேவை என்று மதிப்பிடும் கடமையை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்தது. இங்கோ, பள்ளி வருகைப் பதிவேட்டில் "குடும்பச் சூழல்' என்ற இரண்டு சொற்களோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

2022 அக்டோபர் 10-ம் தேதி மத்திய அரசு தொடங்கிய "டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஒற்றை அறை வீட்டில், தாய் படுத்திருக்கும் கட்டிலுக்கு அருகே நின்று அந்தப் பிள்ளை எதைப் பேசும் என்பதுதான் கேள்வி.