கணுவும் வெடிப்பும்

யாழின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது நம் நாடு. யாழ்பாடி ஒருவன் பரிசிலாகப் பெற்ற மணல்வெளியே யாழ்ப்பாணமாயிற்று என்பது நெடுங்கால ஐதிகம். இணுவிலும் அளவெட்டியும் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊர்கள். தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) ஈழத்திலும் தமிழகத்திலும் ஒருங்கே போற்றப்பட்டவர். அந்தத் தவிலின் உடலோ பலாமரத்தைக் குடைந்து எடுப்பது. ஆகவே மரத்தை இசையாக்கும் கலை நமக்குப் புதியதன்று.

இன்று நம் மாணவர் பலர் கிற்றார் மீது ஆசை கொண்டுள்ளனர். விலை கொடுத்து வாங்க இயலாத ஒருவன், வீட்டிற் கிடக்கும் பலகையைக் கொண்டு தானே ஒன்றைச் செய்து பார்க்க விழைவது இயல்பே. ஆனால் சீவுளி இரண்டு முறை ஓடியதும் பலகையில் ஒரு கணு தலைகாட்டும். ஓரத்தில் ஒரு வெடிப்புத் தெரியும். "இது உதவாது" என்று அதனை அடுப்படிக்கு அனுப்பிவிடுவதா?

அவசரம் வேண்டாம். நம் குடாநாட்டிற் பெருங்காடு இல்லை. முதிரையும் பாலையும் வன்னியிலிருந்து வரவேண்டும். வளவிலே நிற்கும் பலா நல்ல வயிரம் ஏறப் பல பத்தாண்டுகள் செல்லும். போரிலே வீட்டை இழந்த ஒரு குடும்பத்துக்குப் பழைய நிலைக்கதவு ஒன்றே பாட்டன் காலத்து மிச்சமாக இருத்தலும் கூடும். அத்தகைய மரத்தை எரிக்குமுன், அதன் குற்றம் எத்தகையது என்று ஆராய்தல் நம் கடமை.

இந்த ஆராய்ச்சியை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணியில், காந்தருவதத்தையோடு இசைப்போருக்கு வந்த சீவகன், தன்முன் வைத்த கருவிகளை ஒவ்வொன்றாக விலக்குகிறான். நீரில் நின்று இளகியது ஒன்று, வாளாற் புண்பட்டது ஒன்று, இடியுண்டது ஒன்று. மரம் பட்ட துன்பம் இசையிலே தெரியும் என்பது அக்காலத்தார் துணிபு.

கணு என்பது யாது? கிளை புறப்பட்ட இடத்தைப் பின்னர் வளர்ந்த மரம் மூடிக்கொள்வதே கணு. பனை கிளை விடுவது அரிது. ஆதலால் பனங்குற்றியிலே கணுவைக் காண்பதும் அரிது. கணுக்களில் இருவகை உண்டு. உயிருள்ள கிளையின் கணு மரத்தோடு ஒன்றிப் போயிருக்கும்; அதனால் அஞ்ச வேண்டியதில்லை. பட்டுப்போன கிளையின் கணுவைச் சுற்றிக் கருமையான பட்டை வளையம் இருக்கும், தட்டினால் ஆடும். அதனைத் தட்டி வெளியேற்றி, குழியைச் சுத்தஞ்செய்து, அதே மரத்தில் ஓர் ஆப்புச் செதுக்கி, நாரின் திசை ஒத்திருக்குமாறு பசையிட்டு இறுக்குக. கணுவைச் சுற்றி நார் திரும்புவதால் சீவுளி மரத்தைப் பிய்க்கும். அலகை நன்றாகத் தீட்டி, மிக மெல்லியதாக, இரு பக்கத்திலிருந்தும் கணுவை நோக்கிச் சீவுதல் நன்று. இறுதியிற் கண்ணாடித் துண்டின் விளிம்பாற் சுரண்டினால் வழவழப்பாகும். கைக்குத் தடித்த துணி சுற்றிக்கொள்க.

வெடிப்புக்குக் காரணம் வேறு. மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரேயளவாகச் சுருங்குவதில்லை. நடுவிலிருந்து புறம் நோக்கிச் சுருங்குவதைக் காட்டிலும், வளையங்களின் போக்கிற் சுருங்குவது ஏறத்தாழ இருமடங்கு. அந்த இழுபறியிலேதான் மரம் பிளக்கிறது. பச்சை மரம் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என நிழலிற் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. பலகையின் வெட்டுமுனைகள் விரைவில் உலர்வதால் அவற்றில் மெழுகோ வர்ணமோ பூசிவைத்தல் வேண்டும்.

பழம்பலகையில் வெடிப்பைக் கண்டால், அது ஓடும் வெடிப்பா, நின்ற வெடிப்பா என்று முதலில் அறிக. வெடிப்பின் நுனியிற் பென்சிலாற் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். மாரியில் மரம் பருக்கும். சோளகம் வீசுங்காலத்திற் சுருங்கும். இரு பருவமும் கடந்தபின் நுனி கோட்டைத் தாண்டாதிருந்தால் அது நின்ற வெடிப்பு. மயிரளவானதாயின் மரப்பசையை உள்ளே செலுத்தி, ஒரு நாள் இறுக்கி வைத்தாற் போதும். அகன்றதாயின் அதே மரத்தில் நீண்ட மெல்லிய ஆப்பைச் சீவிப் பொருத்துக. பின்புறத்தில் வெடிப்புக்குக் குறுக்கே, உடுக்கை வடிவான சிறு கட்டை ஒன்றைப் பதித்தால் மேலும் உறுதி. மரத்தூளும் பசையும் கலந்த களி ஊசித்துளைகளுக்கு மட்டுமே. அகன்ற வெடிப்பிலே அடைத்தால் மரம் அசையும்போது உதிர்ந்துவிடும்.

குற்றம் இருக்கும் இடத்தையும் நோக்க வேண்டும். கிற்றாரின் ஆறு உருக்குக் கம்பிகளும் சேர்ந்து, அவற்றின் பருமனுக்கேற்ப 40 முதல் 80 கிலோகிராம் வரையான விசையோடு இழுக்கின்றன. ஆகவே கழுத்து உடலோடு பொருந்தும் இடத்திலும், கம்பிகளைத் தாங்கும் குதிரையின் அடியிலும் கணுவோ வெடிப்போ கூடாது. பெட்டிக் கிற்றாரின் முகப்பலகை ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்பே உடையது. அதற்கும் குற்றமற்ற மரமே வேண்டும். கனத்த பலகையாலான மின்கிற்றாரின் உடலிலோ, ஓரத்துக் கணு ஓர் அழகாகவே அமையும்.

இதற்குச் சான்று வேண்டுமா? 1963இல் இலண்டன் நகர்ப்புறத்தில், பிரையன் மே என்ற பள்ளி மாணவன் தன் தந்தையோடு சேர்ந்து ஒரு கிற்றார் செய்யத் தொடங்கினான். கழுத்துக்கு எடுத்த மரம் நூறாண்டுக்கு மேற்பட்ட கணப்படுப்பு மாடம் ஒன்றின் பலகை. அதிற் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். உடலுக்குப் பழைய மேசையின் ஓக் மரம் உதவிற்று. ஏறத்தாழ ஈராண்டு உழைப்பில் உருவான அக்கருவியையே, பின்னர் 'குயீன்' குழுவிற் புகழ்பெற்ற அவர், ஐம்பதாண்டுக்கு மேலாக உலக மேடைகளில் வாசித்தார்.

ஆகையால், மாணவர்களே, கணுவைக் கண்டவுடன் பலகையைக் கைவிடாதீர்கள். அதனை அருகிலுள்ள அனுபவமிக்க தச்சாசாரியார் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தே மரத்தின் நிலையைக் கூறிவிடுவார். பின்னர் பென்சிற் கோட்டை இட்டுவிட்டு, ஒரு மாரியும் ஒரு கோடையும் பொறுத்திருங்கள். உளியை எடுக்க அதுவே தக்க காலம்.