சம்பளம் வரும் வீட்டில் வறுமை

வேலையற்றவர் வறுமையில் வாடுவது எவருக்கும் விளங்கும். நாள்தோறும் உழைத்து, மாதந்தோறும் சம்பளம் பெறுகிறவர் இருபதாம் தேதிக்குள் கைமாற்றுக் கேட்டு நிற்பதுதான் புதிராக இருக்கிறது. அவரைச் செலவாளி என்று ஊரார் எளிதில் சொல்லிவிடுவர். அதற்குமுன், கூலி எந்தக் கணக்கைக் கொண்டு அளக்கப்படுகிறது என்று பார்ப்போம்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. எனினும் கூலியை நிர்ணயிக்கும் அளவுகோலை வகுத்தது 1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடே. சம்பாதிப்பவர் ஒருவர், அவர் குடும்பம் மூன்று அலகு. கணவருக்கு ஓர் அலகு, மனைவிக்கு 0.8, இரு குழந்தைகளுக்கும் தலைக்கு 0.6 என்று பங்கிடுவது வழக்கம். (மனைவிக்கு ஏன் குறைவு என்பதைத் தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்கள்தாம் கேட்க வேண்டும்.) அலகு ஒன்றுக்கு நாளைக்கு 2700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். கல்வி, மருத்துவம், திருமணம், முதுமை ஆகியவற்றுக்கு 25 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாடகைக்கு வைத்த அளவோ, அரசினர் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தின் குறைந்தபட்ச வாடகை. அத்தகைய வீடு நம்மவரில் எத்தனை பேருக்குக் கிடைத்தது?

இக்கணக்கில் தாயும் தந்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மும்பைத் தாராவியில் குடியிருப்பவர் இங்கே ஓர் அடுப்பும் ஊரிலே ஓர் அடுப்பும் எரியச் செய்கிறார். ஊருக்குச் சென்றுவரும் ரயில் கட்டணமும் அவர் தலையில்தான் விழுகிறது. கூலியின் அளவுகோலோ ஒரே அடுப்பை எண்ணி வகுக்கப்பட்டது. அந்த அளவாவது கைக்கு வருகிறதா? 2017-இல் மத்திய அரசு அறிவித்த தேசியத் தரைக்கூலி நாளொன்றுக்கு 176 ரூபாய். அதுவும் மாநிலங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாத தொகையாகவே அறிவிக்கப்பட்டது.

ஆகவே, மாதக் கடைசியில் கடன்படுபவர் ஊதாரியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. நால்வருக்கு எழுதிய கணக்கிலே அவர் அறுவரைக் காப்பாற்றுபவராக இருக்கலாம்.

இரண்டு அடுப்புகளையும் ஒரே குடும்பமாக ஏற்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. 2019-இல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’த் திட்டம் 2022-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. முன்னுரிமை அட்டையோ அந்தியோதயா அட்டையோ உள்ள குடும்பத்தினர், தாம் பிழைக்கும் ஊரின் நியாயவிலைக் கடையிலே ஆதார் எண்ணைக் கூறி, கைரேகை வைத்துத் தானியத்தில் ஒரு பகுதியைப் பெறலாம். மீதியை ஊரிலிருப்போர் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். புதிய அட்டை வேண்டியதில்லை.