பத்தில் ஒரு நொடிச் சூரியன்

சென்னையில் அடையாறு கடலோடு கலக்கும் இடத்தில், உடைந்த பாலத்துக்குக் கிழக்கே, மணல் திட்டில் கடற்காகங்களும் ஆலாக்களும் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். ஜனவரியில் ஒருநாள் இருட்டோடு போய் நின்றேன். வானம் செம்பு நிறத்துக்கு வந்தது. ஓர் ஆலா குறுக்கே பறந்தது. செல்போனில் தட்டினேன். கண்ணுக்குத் தெரிந்தது தகதகக்கும் வானமும் கன்னங்கரேலென்ற பறவையும். படத்தில் வந்ததோ வெளுத்த வானமும் சாம்பலாக ஒரு தீற்றலும்.

தப்பு போன்மேல் இல்லை. அது என்மேல் அளவுகடந்த அக்கறை காட்டிவிட்டது. இன்றைய செல்போன் ஒரு தட்டலுக்குப் பல படங்கள் எடுத்து, இருண்ட பகுதிகளைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்துத் தருகிறது. பறவையின் மார்பு நிறம்கூட எனக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் எண்ணம். எனக்கு வேண்டியதோ நிழலுரு. அதாவது உள்ளே ஒன்றும் தெரியாமல், வெளிக்கோடு மட்டும் பேசும் கறுப்பு உருவம்.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி ஓர் எளிய நம்பிக்கையில் வாழ்கிறது: உலகம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம். இருட்டைக் காட்டினால் வெளிச்சம் கூட்டும், வெளிச்சத்தைக் காட்டினால் குறைக்கும். ஆகவே நிழலுரு எடுக்க ஒரே தந்திரம் போதும். பறவையை விட்டுவிட்டு, சூரியனை ஒட்டிய பளிச்சென்ற வானத்தை அதற்குக் காட்ட வேண்டும். செல்போனில் வானத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் குட்டிச் சூரியனைக் கீழே இழுத்தால் முடிந்தது. வானம் தன் நிறத்துக்கு இறங்கும். பறவை கறுப்பில் மூழ்கும்.

கேமராக்காரர்கள் வெளிச்சத்தை ‘ஸ்டாப்’ கணக்கில் அளப்பார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு. சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்துக்கொண்டே போன கதைதான். நல்ல கேமராவின் உணரி (சென்சார்), இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே ஏறக்குறைய 14 ஸ்டாப் தாங்கும். கேட்க அற்பமாக இருக்கிறது. இரட்டித்துப் பாருங்கள், 16,000 மடங்கைத் தாண்டிவிடும். இவ்வளவு தாங்கும் கருவியை வாங்கிவிட்டு, பாதியைத் தூக்கி எறி என்று அதனிடம் சொல்வதுதான் இந்தக் கலை.

நேரமும் அதிகம் கிடைக்காது. சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே இருக்கும்போதே வானம் நன்றாக வெளுத்துவிடுகிறது. ஜனவரி லண்டனில் அங்கிருந்து உதயம்வரை ஏறக்குறைய 40 நிமிடம், ஏனென்றால் அங்கே சூரியன் சாய்வாக ஊர்ந்து வருகிறது. சென்னையில் செங்குத்தாக ஏறிவிடும். 23 நிமிடம்தான். டீ வாங்கப் போனால் பாதி போச்சு. விளிம்பு எட்டிப் பார்த்ததிலிருந்து முழு வட்டமும் வெளியே வர இரண்டரை நிமிடம்கூட ஆகாது.

அந்த வட்டமே ஒரு மாயம். அதன் அடிவிளிம்பு கடலைத் தொட்டு நிற்பதாக நாம் பார்க்கும் கணத்தில், உண்மையான சூரியன் முழுதாக அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. காற்று மண்டலம் ஒளியை வளைத்து, சூரியனின் முழு உயரத்துக்கும் சற்று அதிகமாகவே அதைத் தூக்கிக் காட்டுகிறது. அடிப்பக்கத்தைக் கூடுதலாகத் தூக்குவதால்தான் உதயச் சூரியன் அமுக்கிய ஆரஞ்சு போலத் தெரிகிறது. உச்சிவெயிலைவிட ஏறக்குறைய 40 மடங்கு காற்றைத் துளைத்து வருவதற்குள் நீலமெல்லாம் வழியிலேயே சிதறிவிட, மிச்சமான செம்மைதான் நமக்கு.

இனி எல்லோருக்கும் ஆசையான படம்: சூரிய வட்டத்துக்குள் பறவை. பெரிய கொண்டை ஆலா அலகிலிருந்து வால்வரை அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 50 மீட்டர் தள்ளிப் பறந்தால் அதன் நீளமும் சூரியனின் அகலமும் கிட்டத்தட்டச் சமம். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது தெருவில் போகும் ஸ்கூட்டர் வேகத்தில் வந்தால், விளிம்பைத் தொட்டு மறுவிளிம்பை விட்டு நீங்கப் பத்தில் ஒரு நொடிதான். நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவிலும் ஒரே ஒரு படம். அந்த ஒன்றும் 1/60 நொடி திறந்திருந்தால் பறவை 17 சென்டிமீட்டர் நகர்ந்து தீற்றலாகிவிடும். 1/1000 நொடியில் ஒரு சென்டிமீட்டர். (வட்டம் முழுதாக மேலேறிவிட்டால் கண்ணாடி வழியாக நேரே பார்க்கும் கேமராவில் கண்ணை வைக்காதீர்கள். விளையாட்டில்லை.)

இந்த வேகத்தோடு முதலில் மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் எத்தியென் ஜூல் மாரே. 1882இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரையில் விசித்திரமான துப்பாக்கியோடு அலைந்தார். குழலில் லென்ஸ், தோட்டா இருக்க வேண்டிய இடத்தில் சுழலும் கண்ணாடித் தகடு. விசையை இழுத்தால் நொடிக்கு 12 படம், ஒவ்வொன்றுக்கும் 1/720 நொடி. பறவையைக் குறிபார்ப்பார், வெடிக்காது, ஒன்றும் விழாது, ஆள் மட்டும் சந்தோஷமாகத் திரும்பிப் போவார். ஊர்க்காரர்கள் பைத்தியம் என்றார்கள். அன்றைய தகடுகள் மந்தமானவை. அத்தனை குறுகிய நேரத்தில் பறவையின் நிறத்தையோ இறகையோ அவற்றால் பிடிக்க முடியவில்லை. பிரகாசமான வானத்தின்மேல் கறுப்பு உருவமாகப் பிடிக்க முடிந்தது. சிறகு எங்கே மடங்குகிறது, எங்கே விரிகிறது என்று படித்தறிய மாரேவுக்கு அதுவே போதுமாயிருந்தது.

நமக்கும் போதும். கூர்மையான ஒடுங்கிய சிறகு, பிளந்த வால், பறந்தபடியே கீழே நீரை நோக்கும் அலகு என்றால் ஆலா. அகன்ற சிறகு, விசிறி வால் என்றால் கடற்காகம். நிறமே தேவையில்லை. ஆனால் கறுப்புக்கு ஆழம் கிடையாது. பறவை நேரெதிரே வந்தால், வருகிறதா போகிறதா என்றே சொல்ல முடியாது. இரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிட்டால், கோயில் தூணில் இருக்கும் இருதலைக் கண்டபேரண்டம்தான் கிடைக்கும். என்னிடம் அப்படி நாற்பது படம் இருக்கிறது.

நாற்பத்தொன்றாவது வேறு. ஆலா சிறகை மேலே தூக்கித் திருப்பிய கணம். உடல் கரி. சிறகின் பின்விளிம்பில் மட்டும் மெல்லிய ஆரஞ்சு. பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே இறகு ஒற்றை அடுக்காக, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருக்கிறது. 40 மடங்கு காற்றைக் கடந்து வந்த வெளிச்சம் அதையும் கடந்து, ஒவ்வோர் இறகின் நடுத்தண்டையும் தனித்தனிக் கோடாக வரைந்திருந்தது.