கண்டிப் பயணத்துக்கு உகந்த காலம்

யாழ்ப்பாண நகரில் கண்டி வீதி என்றொரு வீதி உண்டு. அவ்வீதியிலே தெற்கு நோக்கிப் புறப்படுவோர் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்தால் மெய்யாகவே கண்டி நகரை அடைவர். கண்டிக்கு அண்மையில் அரசினர் பாடசாலையொன்றின் அதிபராகக் கடமையாற்றும் எனக்கு, அவ்வீதியின் மறுமுனையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆசிரிய நண்பர்கள் ஆண்டுதோறும் ஒரு வினாவை விடுப்பதுண்டு. "பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கண்டியைப் பார்க்க எப்பொழுது வரலாம்?" என்பதே அவ்வினா. அதற்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பெரும்பாலார் பயணத்தை வகுக்கும்போது எவ்விடத்தைப் பார்ப்பது என்பதை முதலிலும், எந்நாளிற் செல்வது என்பதை இறுதியிலும் எண்ணுகின்றனர். மலைநாட்டைப் பொறுத்தவரையில் இம்முறை பிழையானது. நாளைத் தெரிந்த பின்னரே இடத்தைத் தெரிதல் வேண்டும். இதனை நான் நூல்களிலிருந்து கற்றேனல்லேன். நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், டிசெம்பர் விடுமுறை தொடங்கியதும் நாற்பது மாணாக்கரை மலைப்பக்கம் அழைத்துச் சென்றேன். இரண்டு நாள் விடாது பெய்த மழையினால், எமது பேருந்துக்கு முன்னே சிறிது தூரத்தில் மண்மேடு சரிந்து வீதியை மூடிவிட்டது. முன்னே செல்லவும் வழியில்லை. பின்னே திரும்பவும் இடமில்லை. அன்றிரவு முழுவதும் பிள்ளைகள் பேருந்தினுள்ளேயே இருந்தனர். ஒருவருக்கும் ஊறு நேரவில்லை. ஆயினும், விடியும்வரை இருளில் அவர்களை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. மழை தனக்குரிய காலத்திலேயே பெய்தது. காலத்தை அறியாது சென்றவன் நானே.

விடுமுறைக் காலம் வேறு. வறண்ட காலம் வேறு. இவ்வேறுபாட்டை உணர, நம் தீவின் காற்றுகளைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற் பருவக்காற்று வீசுகின்றது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசுகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே, மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இரு இடைப்பருவங்கள் வருகின்றன. யாழ்ப்பாணத்துக்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மழையே முதன்மையான மழை. கண்டியோ நாட்டின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. ஆதலின் இரு காற்றுகளும் அதற்கு மழை தருகின்றன. இடைப்பருவ இடிமழையும் தப்பாது வருகின்றது.

ஆண்டில் ஏறத்தாழ 1,800 மில்லிமீற்றர் மழை பெறும் இந்நகரில், பெப்ரவரி மாதத்திற் பெய்வது 100 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் ஒவ்வொன்றிலும் அதனைப்போல் மும்மடங்குக்கு மேற்பட்ட மழை பெய்யும். வடகீழ்க் காற்று டிசெம்பரில் ஈரம் மிக்கதாக வருகின்றது. வங்காள விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்களும் அப்பொழுது மழையைப் பெருக்கும். 2011 ஆம் ஆண்டில் ஜனவரி முற்பகுதியிலேயே மட்டக்களப்புப் பகுதி பெருவெள்ளத்தில் ஆழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜனவரி நடுப்பகுதியைக் கடந்தபின் இத்தாழமுக்கங்கள் அருகிவிடும், வானம் தெளியும். ஆகவே, தைப்பொங்கலுக்குப் பின்னர் தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரையுள்ள இரண்டு மாதங்களே கண்டிப் பயணத்துக்கு மிக உகந்தவை. மார்ச் இறுதியிற் பகல் வெப்பம் மிகுந்து, பிற்பகல்தோறும் இடிமழை தலைகாட்டத் தொடங்கும்.

இவ்வாறு காற்றும் மலையும் கூடிக் காலத்தை வகுப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்தாரிக்கா நாட்டின் தலைநகரான சான் ஹோசேயும் மலைப் பள்ளத்தாக்கில் அமைந்த நகரமே. அங்கும் வடகீழ்த் திசையிலிருந்து வரும் காற்று, கிழக்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு வறண்ட காற்றாக நகரை அடைகின்றது. ஐரோப்பாவிற் பனி பொழியும் அம்மாதங்களை, அந்நகரத்தார் கோடை என்று பொருள்படும் சொல்லாலேயே அழைக்கின்றனர்.

நம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் இவ்வுண்மையை நெடுங்காலமாக அறிவர். மேற்குச் சரிவிலுள்ள திம்புளைத் தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரையிலும், கிழக்கே ஊவாத் தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலும் சிறந்த மணம் பெறுகின்றன. வறண்ட குளிர்காற்றிற் கொழுந்து மெதுவாக வளர்வதே அதற்குக் காரணம். அக்காலத்திற் கொழுந்து குறையும், சுவை மிகும்.

இனி, மூன்று நாட் பயணமொன்றை வகுத்துப் பார்ப்போம். முதல் நாள் மாலையில் நகரை அடைந்து, வாவிக்கரையில் உலாவிய பின், ஸ்ரீ தலதா மாளிகையைத் தரிசிக்கலாம். தோளும் முழங்காலும் மறையும் ஆடை அங்கே கட்டாயம். வாவியை 1807 இல் அமைத்தவன் கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். நாயக்கர் வழிவந்த அவன் 1815 இற் சிறைப்பட்டு, வேலூரில் வைக்கப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான் என்பதைப் பிள்ளைகளுக்கு அவ்வாவிக்கரையிலேயே கூறுவது நன்று.

இரண்டாம் நாட் காலையிற் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குச் செல்லலாம். 1821 இல் தொடங்கப்பெற்ற இப்பூங்காவை மகாவலி கங்கை வளைந்து சூழ்ந்து ஓடுகின்றது. ஏறத்தாழ 147 ஏக்கர் நிலத்தை நடந்தே பார்க்க வேண்டியிருத்தலால், மழையற்ற நாளின் அருமை இங்கே விளங்கும். பிற்பகலில், 1925 இற் கட்டப்பட்ட தொழிற்சாலையில் அமைந்துள்ள அந்தானைத் தேயிலை அரும்பொருளகத்தைக் காணலாம். நேரமிருப்பின் கடலாதெனிய விகாரைக்கும் செல்லுதல் தகும். 1344 இல் எழுந்த அக்கற்கோயிலைச் சமைத்த சிற்பி கணேசுவராசாரி. தென்னிந்தியக் கட்டடக்கலையின் சாயலை அங்கே கண்ணாரக் காணலாம்.

மூன்றாம் நாள், வடக்கே திரும்பும் வழியில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலைத் தரிசிக்கலாம். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த நம் மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. வழியில் மாண்டோர் பலர். அக்கோயிலின் ஐந்து தேர்களும் மாசி மகத்தன்று உலா வரும். அதுவும் நாம் கூறிய வறண்ட காலத்திலேயே நிகழ்கின்றது.

வறண்ட காலத்துக்கும் தனிக் கவனம் வேண்டும். இரவிற் குளிர் 18 பாகை செல்சியசு அளவுக்கு இறங்கும். வடக்கிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை இன்றியமையாதது. உடவத்தைக் காட்டில் அட்டைகள் இக்காலத்திற் குறைவு. ஆனால் அந்தானை மலைப் புல்வெளி காய்ந்து கிடக்கும். ஒரு தீக்குச்சியே மலையை எரித்துவிடும். மகாவலியில் நீர் குறைந்திருப்பதைக் கண்டு குளிக்க இறங்குதலும் ஆகாது. வெளிநாட்டார் பெருமளவில் வரும் காலமும் இதுவே. ஆதலின் தங்குமிடத்தை ஒரு மாதத்துக்கு முன்னரே ஒழுங்கு செய்க. பூரணை நாட்களையும் வார இறுதிகளையும் இயன்றவரை தவிர்க்க.

இறுதியாக ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலினாற் கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் நேர்ந்து, உயிர்கள் பல மாண்டன. மலைநாட்டு வீதிகளும் புகையிரதப் பாதையும் சிதைந்தன. அந்நாட்களில் என் பாடசாலைப் பிள்ளைகளின் வீடுகளை எண்ணி நான் உறங்கவில்லை. எனவே, எம்மாதத்திற் புறப்பட்டாலும், வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் முதல் நாளே கேட்டறிக. அவ்வெச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படியாக வரும். செல்லும் வழிக்கு மஞ்சள் நிறமே குறிக்கப்பட்டிருப்பினும், பயணத்தை ஒத்திவைப்பதே அறிவுடைமை. கட்டிய முற்பணம் போகலாம். பிள்ளைகள் முகம் வாடலாம். அவ்விழப்புகளை அடுத்த கிழமையில் ஈடுசெய்துவிடலாம்.

பெற்றோர் தம் பிள்ளைகளை நம்மிடம் ஒப்படைக்கும்போது, எவ்விடங்களைக் காட்டுவோம் என்று மட்டுமே கேட்கின்றனர். எந்நாளில் அழைத்துச் செல்வது என்பதை அவர்கள் நம் பொறுப்பிலேயே விட்டுவிடுகின்றனர். அப்பொறுப்பை உணர்ந்து நாளைத் தெரிந்து வாருங்கள். தெளிந்த வானத்தின்கீழ் கண்டி உங்களை வரவேற்கும்.