அனுமதிப்பத்திரம் கேட்பவருக்கு ஒரு திகதி கொடுங்கள்

ஊரில் ஒரு சிறிய ஹோட்டலோ பேக்கரியோ திறக்க விரும்புபவர் எத்தனை வாசல்களை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது? கிராம உத்தியோகத்தரின் சான்று, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையிடல், பிரதேச சபையின் அல்லது நகர சபையின் வியாபார அனுமதிப்பத்திரம், சில தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் எனப் பட்டியல் நீள்கிறது.

இவை எதுவும் வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. எமது பிள்ளைகள் உண்ணும் உணவு தயாராகும் இடத்தை யாராவது பார்வையிடத்தான் வேண்டும். ஆனால் ஒரு கடையைப் பார்வையிட ஒரு மணித்தியாலம் போதும். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வதுதான் பிரச்சினை.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை இருக்கிறது. கடை வாடகை முதல் மாதத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். நகையை அடகு வைத்து முதல் தேடியவரால் சும்மா இருக்க முடியாது. அனுமதிப்பத்திரம் வருமுன்னரே கடையைத் திறந்துவிடுகிறார். அன்றிலிருந்து அவர் சட்டத்தை மீறியவராகிறார். சட்டப்படி தொழில் செய்யவே விண்ணப்பித்தவரை அந்தத் தாமதமே குற்றவாளியாக்கி விடுகிறது. பிறகு வாசலில் யார் வந்து நின்றாலும் அவருக்குப் பயம். தரகருக்கும், 'சந்தோசம்' எதிர்பார்ப்பவருக்கும் வழி திறப்பது இந்த இடத்தில்தான்.

தாமதம் எங்கே உருவாகிறது என்று பார்த்தால் மூன்று இடங்கள் தெரிகின்றன.

முதலாவது, குறைபாடுள்ள விண்ணப்பங்கள். என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் ஓர் அலுவலகத்துக்கு நான்கு தடவை போய்வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு புதிய ஆவணம் கேட்கப்பட்டது. முதல் நாளே நான்கையும் சொல்லியிருந்தால் இரண்டாம் நாளே வேலை முடிந்திருக்கும். பரீட்சைக்கு வரும் பிள்ளைக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிவிக்கிறோம். மண்டபத்துக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பி அனுப்புவதில்லை.

இரண்டாவது, கோப்பு வரிசையில் நிற்பது. ஓர் அலுவலகம் முடித்த பிறகே அடுத்த அலுவலகம் தொடங்குகிறது. அடையாள அட்டைப் பிரதியும் வாடகை உடன்படிக்கையும் எல்லா இடங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன.

மூன்றாவது, வருட முடிவு. உள்ளூராட்சி சபைகள் வழங்கும் வியாபார அனுமதிப்பத்திரங்கள் டிசம்பர் 31 உடன் காலாவதியாகின்றன. ஊரிலுள்ள எல்லாக் கடைகளின் புதுப்பித்தலும் ஒரே காலத்தில் வந்து குவிகிறது. டெங்கு ஒழிப்பு, பாடசாலைச் சுகாதாரம், உணவுப் பரிசோதனை என்று ஏற்கனவே அலைந்து திரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரால் அத்தனை கடைகளையும் அந்தச் சில வாரங்களில் எப்படிப் பார்க்க முடியும்? எல்லாப் பழியையும் உத்தியோகத்தர்கள் மீது போடுவது நியாயமல்ல.

இதற்கான தீர்வைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. எமது நாட்டின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். தகவல் கோரிக்கை ஒன்று கையளிக்கப்பட்டால் அது கிடைத்ததை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா எனத் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அதற்கு எதிராக மேன்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது. ஒரு தகவலைக் கேட்பவருக்கு இந்த நான்கையும் உறுதிப்படுத்திய நாட்டில், பிழைப்புக்கு வழி கேட்பவருக்கும் அவற்றைக் கொடுக்க முடியாதா?

அதே ஒழுங்கை அனுமதிப்பத்திரத்துக்கும் கொண்டுவரலாம். தேவையான ஆவணங்களின் முழுப் பட்டியலும் கட்டணமும் அலுவலகச் சுவரில் தெளிவாக இருக்கட்டும். விண்ணப்பத்தைப் பெறும் கருமபீடத்திலேயே குறைகளைப் பார்த்துச் சொல்லட்டும். ஏற்றுக்கொண்டால் இலக்கமிட்ட பற்றுச்சீட்டும், முடிவு தெரியும் திகதியும் கொடுக்கட்டும். நிராகரித்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும். புதுப்பித்தல் விண்ணப்பங்களை ஒக்டோபரிலேயே கோரலாம். முறைப்பாடு எதுவுமின்றி இயங்கும் கடைகளை விரைவாக முடித்து, புதிய கடைகளுக்கும் குறை கண்ட கடைகளுக்கும் பரிசோதகரின் நேரத்தை ஒதுக்கலாம்.

மொழியையும் மறந்துவிடக் கூடாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துடன் தமிழும் அரச கரும மொழியானது. கண்டி, குருநாகல், களுத்துறை போன்ற மாவட்டங்களில் சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளில் வாழும் எம்மவர்களுக்கும் அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்பாடும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. புரியாத படிவத்தைப் பிறரிடம் கொடுத்து நிரப்பும்போதுதான் பிழைகளும் தரகரும் சேர்ந்து வருகின்றன.

எமது பக்கத்திலும் கடமைகள் உண்டு. டிசம்பர் கடைசி வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம். கொடுத்த ஆவணங்களின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். திகதியுடன் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். பதில் வராவிட்டால், "எனது விண்ணப்பம் எந்தத் திகதியில், யாரிடம் சென்றது, இப்போது எந்த நிலையில் உள்ளது?" என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தச் சபையின் தகவல் அலுவலரிடமே கேட்கலாம்.

எமது உள்ளூராட்சி சபை உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் ஒரு கேள்வியை எழுப்புங்கள்: கடந்த வருடம் கிடைத்த அனுமதிப்பத்திர விண்ணப்பங்கள் எத்தனை, ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை நாட்கள் எடுத்தன? அந்த எண்ணிக்கை சபையில் வாசிக்கப்பட்டால், அதை எப்படிக் குறைப்பது என்ற பேச்சும் அங்கேயே தொடங்கும்.