பிஸ்டனுக்குக் கீழே ஒரு காற்றுக் கணக்கு

ஓசூர் டி.வி.எஸ். ஆலையில் பிறந்த அப்பாச்சி ஆர்.ஆர். 310 பைக்கின் எஞ்சினுக்கு ஒரே ஒரு சிலிண்டர்தான். போர் 80 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 62.1 மில்லிமீட்டர், கொள்ளளவு 312.2 சி.சி. அதே ஆலையிலிருந்து வெளிநாடுகளுக்குப் போன பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆர் பைக்குக்கும் இதுவே அடிப்படை. 2017 டிசம்பரில் ஆர்.ஆர். 310 வெளிவந்தபோது 9,700 ஆர்.பி.எம்.மில் 34 குதிரைத்திறன் தந்தது. அந்த வேகத்தில் பிஸ்டன் நொடிக்கு ஏறத்தாழ 162 தடவை கீழே இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் தனக்கு அடியில் கிராங்க்கேஸில் நிற்கும் காற்றை 312 சி.சி. அளவுக்கு சைக்கிள் பம்பைப் போல அமுக்குகிறது. மேலே ஏறும்போது அதே அளவு இழுக்கிறது.

நான்கு சிலிண்டர் காரில் இந்த அமுக்கல் பெரும்பாலும் தனக்குத்தானே ஈடாகிவிடும். இரண்டு பிஸ்டன் இறங்கினால் இரண்டு ஏறும். ஆனால் பைக், கார், லாரி எதுவானாலும் தப்பிக்க முடியாத இன்னொன்று இருக்கிறது. எரியும் வாயு வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும்போது, அதில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கில் நுழைந்து கீழே போய்விடும். ‘பேக் கம்ப்ரஷன் அடிக்குது’ என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். புத்தம் புது எஞ்சினிலும் இது உண்டு. அளவுதான் குறைவு.

எவ்வளவு குறைவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் 5,500 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது, டர்போ காற்றை இரட்டிப்பாக அடைக்கிறது என்றால், நிமிடத்துக்கு சுமார் 6,600 லிட்டர் காற்று உள்ளே போகும். அதில் நூற்றில் ஒரு பங்கு கசிந்தாலும் நிமிடத்துக்கு 66 லிட்டர். இத்தனை வாயுவும் வெளியேற வழி வேண்டும். வழி போதவில்லை என்றால் அழுத்தம் கூடும். கூடிய அழுத்தம் எங்கே பலவீனம் இருக்கிறதோ அங்கே ஆயிலைத் தள்ளும். முதலில் டேப்பட் கவர் பேக்கிங் ஈரமாகும், பிறகு கிராங்க் ஆயில் சீல், சில நேரம் டிப்ஸ்டிக்கே மேலே எழும்பி நிற்கும்.

ஆகவே, காரின் பவரைக் கூட்ட நினைப்பவர் டர்போ பூஸ்ட்டைக் கூட்டும் அன்றே கிராங்க்கேஸின் மூச்சு வழியையும் தீர்மானித்தாக வேண்டும். பெங்களூரு எல்லையை ஒட்டிய ஓசூரில் இப்படிக் கார்களை மெருகேற்றும் ஆர்வம் நிறைய. ஒரு குழாய் முனையைக் கடைந்து தர சிப்காட் பக்கம் லேத் பட்டறைக்கும் குறைவில்லை. பார்ட்ஸ் வாங்கும் வேகம் அளந்து பார்ப்பதிலும் இருந்தால் எவ்வளவோ எஞ்சின் பிழைக்கும்.

ஆரம்ப காலத்துக் கார்களில் இதற்கு இருந்த ஏற்பாடு மிக எளியது. எஞ்சினிலிருந்து ஒரு குழாய் வண்டிக்கு அடியில் இறங்கும், நுனி சாய்வாக வெட்டியிருக்கும். ஓடும்போது அடியில் பாயும் காற்று கிராங்க்கேஸ் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். நின்றால் உறிஞ்சல் இல்லை. அந்தப் புகை அப்படியே ஊருக்குள் போனது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டியபோது, அதில் கார்களின் பங்கை வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950களில் எடுத்துக் காட்டினார். எரியாத ஹைட்ரோகார்பன் வாயுவில் கால் பங்கு வரை சைலன்ஸர் வழியாக வராமல் கிராங்க்கேஸ் வழியாக வந்தது. 1961 மாடல் கார்களில் கலிஃபோர்னியாவிலும், 1963 முதல் அமெரிக்கா முழுவதும், அந்த வாயுவை மறுபடி இன்டேக்குக்கே அனுப்பி எரிக்கும் பி.சி.வி. வால்வு வந்தது. காரில் வந்த முதல் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி அதுதான். இன்று நம் பி.எஸ். 6 விதியும் அதையே சொல்கிறது: கிராங்க்கேஸ் வாயு வெளிக்காற்றில் கலக்கவே கூடாது.

பி.சி.வி. ஏற்பாட்டில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். நடுவில் வால்வு. இன்னொன்று ஏர் ஃபில்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் சேரும். ஐடிலிலும் சாதாரண ஓட்டத்திலும் மேனிஃபோல்டின் உறிஞ்சலால் வாயு முதல் குழாயில் போகிறது, இரண்டாவது குழாய் வழியாகச் சுத்தக் காற்று கிராங்க்கேஸுக்குள் வருகிறது. இந்தக் காற்று உள்ளே இருக்கும் ஈரத்தையும் பெட்ரோல் ஆவியையும் அலசிக்கொண்டு போகும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் உறிஞ்சல் போய்விடும். டர்போ காரில் அங்கே எதிர் அழுத்தமே வந்து ஒருவழி வால்வு மூடிக்கொள்ளும். அப்போது வாயு முழுவதும் இரண்டாவது குழாயில் தலைகீழாகத் திரும்பி டர்போவின் வாய்க்குப் போகும்.

ஓசூருக்கு இந்த அலசல் ரொம்ப முக்கியம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. மார்கழிக் குளிரில் மத்திகிரியிலிருந்து சிப்காட் வரை மட்டுமே ஓடி நின்றுவிடும் காரில் ஆயில் சூடாகவே நேரமில்லை. ஆவி குளிர்ந்து ஆயிலோடு கலந்து, ஆயில் மூடியின் உட்புறம் வெண்மஞ்சள் களிம்பாக அப்பியிருக்கும். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயந்து எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவர்கள் உண்டு. கூலன்ட் குறையவில்லை, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறவில்லை என்றால், முதலில் கிருஷ்ணகிரி வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து மூடியைப் பாருங்கள்.

அந்தப் பயணத்திலேயே இன்னொரு சோதனையும் செய்துவிடலாம். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் கியரிலேயே, ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது மேனிஃபோல்டின் உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும். நல்ல பி.சி.வி. வால்வு அப்போது தன் வழியைக் குறுக்கிக்கொள்ளும். பிசின் பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்ட வால்வு ஆயிலையும் சேர்த்து இழுக்கும். இறக்கம் முடிந்து மிதித்ததும் பின்னால் நீலப் புகை. சிலிண்டர் ஹெட்டின் வால்வு சீல் தேய்ந்தாலும் இதே புகை வரும் என்பதால், பி.சி.வி. வால்வைத் தனியாகக் கழற்றிக் குலுக்கிப் பார்க்க வேண்டும். கடகடவென்று சத்தம் வந்தால் அது ஒட்டிக்கொள்ளவில்லை. பல புதிய கார்களில் வால்வு டேப்பட் கவருக்குள்ளேயே ரப்பர் டயாஃப்ரமாக அடங்கிவிட்டது. அது கிழிந்தால் ஐடிலில் விசில் போன்ற சத்தம் கேட்கும். சில நூறு ரூபாய் வால்வுக்கு ரிங் வேலை பார்த்துக் காசு கொடுப்பது மனசுக்குப் பொறுக்காத விஷயம்.

இனி பவர் கூட்டிய காருக்கு எது பொருத்தம் என்று பார்ப்போம். பட்டறைகளில் அதிகம் செய்யப்படுவது, இரண்டு குழாயையும் கழற்றி, முனையில் ஒரு குட்டி ஃபில்ட்டரைச் சொருகி, வாயுவைக் காற்றில் விட்டுவிடுவது. ஆயில் ஆவி டர்போவுக்குள் போகாது என்பது உண்மை. ஆனால் மேனிஃபோல்டின் உறிஞ்சல் இல்லாததால் அலசலும் இல்லை. ஈரமும் அமிலமும் ஆயிலிலேயே தங்கும், ஆயில் சீக்கிரம் கெடும், கேபினுக்குள் நாற்றம் வரும். மேனிஃபோல்டில் திறந்த ஓட்டையைச் சரியாக அடைக்காவிட்டால் அளக்கப்படாத காற்று நுழைந்து ஐடில் ஏறி இறங்கும். சாலையில் ஓட்டும் காருக்கு இது சட்டப்படியும் தவறு. எஞ்சினுக்கும் கெடுதல், பின்னால் பைக்கில் வருபவரின் நுரையீரலுக்கும் கெடுதல். இதை ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று விற்பதை ஏற்கவே முடியாது.

நான் பரிந்துரைப்பது மூடிய வழியிலேயே கேட்ச் கேன் வைப்பது: வாயு கேனுக்குள் போய், ஆயிலை அங்கே உதிர்த்துவிட்டு, மறுபடி இன்டேக்குக்கே திரும்பும். டர்போ காரில் டர்போ வாய்க்குப் போகும் குழாயில்தான் இது கட்டாயம் தேவை, பூஸ்ட் ஏறும்போது மொத்தச் சுமையும் அதில்தானே. அங்கே ஆயில் போனால் இன்டர்கூலரின் உள்ளே படலம் படியும். அதைவிட மோசம், சிலிண்டருக்குள் போகும் ஆயில் துளி பெட்ரோலின் ஆக்டேனைக் குறைத்ததற்குச் சமம். நாக்கிங் தொடங்கும், கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்தள்ளும், காசு கொடுத்து ஏற்றிய பவர் காணாமல் போகும். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சினில் இன்னொரு தொல்லை. இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை, ஆயில் ஆவி அங்கே கரியாகக் காய்ந்து படிகிறது.

கேன் வாங்கும்போது மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பளபளவென்ற அலுமினிய டப்பாவில் மேலே இரண்டு முனை மட்டும் இருந்தால், வாயு ஒன்றில் நுழைந்து அடுத்ததில் அப்படியே வெளியேறிவிடும். உள்ளே தடுப்புத் தகடு வேண்டும். வாயு சின்னத் துளைகளில் வேகமெடுத்துச் சட்டென்று திரும்ப வேண்டும். காற்று திரும்பிவிடும், கனமான ஆயில் துளியால் திரும்ப முடியாமல் தகட்டில் மோதி ஒட்டும். அடுத்த கட்டமாக ஸ்டீல் கம்பிச்சுருளோ நுண்ணிய வலையோ இருந்தால் சிறு துளிகளும் மாட்டும். சுருளிலிருந்து ஒரு கம்பி இழைகூட டர்போவுக்குப் போகாதபடி வலை போட்டு அடைத்திருக்க வேண்டும். கேனைச் சைலன்ஸர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள். குளிர்ந்தால்தான் ஆவி துளியாகும்.

குழாயின் அகலமும் கணக்கில் சேரும். அரை அங்குலத்துக்குப் பதில் முக்கால் அங்குலம் போட்டால் உள்பரப்பு இரண்டே கால் மடங்காகிவிடும். அந்த அளவுக்கு வாயுவின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் அது தூக்கி வரும் ஆயிலும் குறையும். எங்கேயும் குழாய் தொங்கி வளையக் கூடாது. பள்ளத்தில் ஆயில் தேங்கி வழியை அடைத்துவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்துவிடலாம். டிப்ஸ்டிக் குழாயில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் டியூபைப் பொருத்தி, அதை ‘யு’ வடிவில் வளைத்து நிறச்சாயம் கலந்த தண்ணீர் ஊற்றினால் போதும், அழுத்தமானி தயார். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல். ஐடிலில் தண்ணீர் எஞ்சின் பக்கம் சற்றே இழுக்கப்பட வேண்டும், வெளியே தள்ளப்பட்டால் வழி அடைத்திருக்கிறது அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. பூஸ்ட்டில் ஓடும்போது பார்க்கத் தண்ணீர் டியூப் சரிவராது, சின்ன பிரஷர் சென்சார் ஒன்றைப் பொருத்திப் பதிவெடுக்க வேண்டும். இதுகூட இல்லாதவர்களுக்குப் பழைய வழி: ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து, ஆயில் ஊற்றும் துளையின் மேல் வைப்பது. லேசாக நடுங்கினால் சரி. துள்ளி விழுந்தால் எஞ்சினைக் கவனிக்க வேண்டிய நேரம்.

ரேஸ் தடத்தின் கணக்கு வேறு. ஓசூரின் டி.வி.எஸ். ரேசிங் அணி 1982 முதல் போட்டிகளில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் வந்தது. அங்கே ஒரு கார் சிந்தும் ஆயில் பின்னால் வருபவரின் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் கிராங்க்கேஸின் மூச்சுக் குழாய் (பிரீத்தர்) வெளியே திறந்திருக்கும் காரில் 2,000 சி.சி. வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் கொள்ளும் சேகரிப்புக் கேன் இருக்க வேண்டும், உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று வெளியிலிருந்தே தெரிய வேண்டும் என்கிறது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி. உச்சநிலை ரேஸ் எஞ்சின்களில், ஆயிலை அடியிலிருந்து உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்பும் டிரை சம்ப் பம்புகளே கிராங்க்கேஸ் காற்றை உறிஞ்சி வெற்றிடத்தை உண்டாக்கும். கீழே அழுத்தம் குறைவதால் ரிங் சுவரோடு நன்றாக ஒட்டும், சுழலும் கிராங்க்கைக் காற்றும் ஆயிலும் தடுப்பது குறையும். சாதாரண காரில் இதைக் காப்பியடித்தால், வெளிநோக்கிய அழுத்தத்தைத் தாங்கச் செய்த ஆயில் சீல்கள் உள்நோக்கி இழுக்கப்பட்டு வெளித்தூசியை உள்ளே விடும்.

ஓலாவின் போச்சம்பள்ளி ஆலையிலும் ஏத்தரின் ஓசூர் ஆலையிலும் தயாராகும் பேட்டரி வண்டிகளுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. பெட்ரோல் எஞ்சினை வைத்திருப்பவர்கள், கேன் பொருத்திய பிறகு ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதில் சேர்ந்ததை அளந்து எழுதி வைக்க வேண்டும். குளிர்காலத்தில் தண்ணீர் கலந்து கூடுதலாகச் சேரும், அது இயல்பு. அதை மறுபடி எஞ்சினில் ஊற்றக் கூடாது, சாக்கடையிலும் கொட்டக் கூடாது. பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கோடையிலும் அளவு திடீரென்று இரட்டித்தால் பெரிய கேன் தேடிப் போகாதீர்கள். எல்லா சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்டும், கசிவை அளக்கும் லீக்-டவுன் டெஸ்டும் எடுத்து, எந்த சிலிண்டரில் ரிங் விட்டுக்கொடுக்கிறது என்று பாருங்கள்.