‘சைலன்ஸ்’ என்னும் சொல்லும் வாய்வாளாமையும்

‘சைலன்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் இன்று தமிழ் மக்கள் நாவிலும் எளிதாகப் புழங்குகின்றது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களில் பள்ளி ஒன்றைக் கடந்து செல்வோர், ஆசிரியர் அச்சொல்லை ஆணையாக எழுப்புவதைக் கேட்டிருப்பர். நூலகப் பலகையில் அதற்கு ஈடாக ‘அமைதி’ என எழுதுகின்றோம். மறைந்தார்க்குச் செலுத்தும் அஞ்சலியிலோ அதுவே ‘மௌனம்’ ஆகின்றது. ஒரு சொல்லுக்கு இடந்தோறும் வேறு வேறு தமிழ்ச்சொல் வேண்டப்படுவது ஏன் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

இச்சொல் ‘சிலேரே’ என்னும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. பெயராய் நின்று ஒலியின்மை, பேசாமை, ஒன்றைக் குறிப்பிடாது விடுதல் ஆகிய பொருள்களைத் தரும். வினையாய் நின்று பிறரைப் பேசவொட்டாது அடக்குதலைக் குறிக்கும். வண்டியின் இரைச்சலை அடக்கும் கருவி ‘சைலன்சர்’ எனப் பெயர் பெற்றதும் இவ்வினையினாலேயாம். ஆயின், பேசாதிருப்பவர் விரும்பி அவ்வாறிருக்கின்றாரா, பிறரால் அடக்கப்பட்டாரா, விடையறியாது திகைக்கின்றாரா என்பதை இப்பெயர்ச்சொல் தானே உணர்த்துவதில்லை. அதனை இடம் நோக்கியே உணர்தல் வேண்டும்.

தமிழோ இவ்வேறுபாடுகளுட் பலவற்றைச் சொல்லிலேயே காட்டவல்லது. ‘அமைதி’ என்பது அமை என்னும் அடியினின்று தோன்றியது. பொருந்துதல், நிறைதல், அடங்குதல் என்பன அவ்வடியின் பொருள்கள். ‘இலக்கண அமைதி’ என்னுமிடத்து ஒலியின்மை என்னும் பொருளே இல்லை. ‘மௌனம்’ முனி என்னும் சொல்லோடு தொடர்புடைய வடசொல். ஆகலின் நோன்பின் சாயல் அதற்கு இயல்பாயிற்று. அதன் தமிழ் வடிவமாகிய ‘மோனம்’ ஞானநிலைக்கே பெரிதும் உரியதாயிற்று. ‘சும்மா’ என்னும் எளிய சொல் பேச்சின்மையையும் செயலின்மையையும் ஒருங்கே சுட்டும். தாய் குழந்தையை அடக்கச் சொல்லும் அச்சொல்லையே அருணகிரிநாதரும் தாயுமானவரும் வீட்டுநெறிக்குரிய சொல்லாக உயர்த்தினர். ‘வாயடைத்தல்’ என்பதோ பிறரால் நேர்வது, அன்றி வியப்பினாலோ அச்சத்தினாலோ நேர்வது. இவை யாவற்றினும் ஆராய்ச்சிக்குரியது ‘வாய்வாளாமை’ என்னும் சொல்லாகும்.

பவணந்தியார் நன்னூலில் விடையை எண்வகையாகப் பகுத்தார். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவதுகூறல், இனமொழி என்னும் அவ்வெட்டும் வாய்திறந்து கூறுவனவே. மணிமேகலையின் இறுதிக் காதையிலோ, காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உணர்த்தும் அறவுரையில், விடை நான்காகக் கூறப்படுகின்றது. துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல் என்னும் மூன்றனோடு வாய்வாளாமையும் நான்காவது விடையாக எண்ணப்படுகின்றது. ஆகாயப்பூ பழையதா புதியதா என ஒருவன் வினவின், மறுமொழி கூறாதிருத்தலே அதற்கு எடுத்துக்காட்டு. பழையது என்றாலும் புதியது என்றாலும், இல்லாத பூவை உண்டென உடன்பட்டவராவோம். எனவே ஈண்டுப் பேசாமை அறியாமையன்று. வினாவின் குற்றத்தை அறிந்து காட்டும் அறிவேயாம்.

இக்கருத்துச் சமய நூலோடு நின்றுவிடவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவின் விளக்கத்தில், வெறும் பேசாமை வஞ்சனையாகாது எனப் பொதுவிதி கூறுகின்றது. பேசவேண்டிய கடமை உள்ளவிடத்தும், பேசாமையே பேச்சுக்கு நிகராகுமிடத்தும் அது வஞ்சனையாகலாம் என்று விலக்கும் வகுக்கின்றது. குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் அதுபற்றி ஒன்றும் கூறாதிருத்தல் வஞ்சனையன்று. ‘நீ மறுக்காவிடின் குறையற்றது எனக் கொள்வேன்’ என்று வாங்குபவன் கூறியபின் அவன் வாளா இருப்பின், அது சொல்லாகவே கொள்ளப்படும். பேசாமையின் பொருளை அதன் முன் நின்ற வினாவே வரையறுக்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இவ்வட்டாரத்து வழங்கும் வரலாறுகள் இரண்டைக் காண்போம். பூவிருந்தவல்லிக்கு மேற்கே உள்ள திருமழிசையிற் பிறந்த ஆழ்வார், பிரம்பறுக்கும் தொழிலர் ஒருவரால் வளர்க்கப்பட்டவர். அவர் பெரும்புலியூரில் ஒரு திண்ணையில் அமர்ந்தபோது, ஆங்கு வேதம் ஓதியோர் அவரைக் கண்டு ஓதுதலை நிறுத்தினர் என்றும், அவர் அகன்றபின் விட்ட இடம் தோன்றாது திகைத்தனர் என்றும் குருபரம்பரை வரலாறு கூறும். ஆழ்வார் வாய் திறந்திலர். கருநெல் ஒன்றை நகத்தாற் பிளந்து காட்டி அவ்விடத்தை உணர்த்தினார். ஈண்டுப் பேசாமை மூன்று உள. முதலாவது ஒருவரை விலக்கும் பேசாமை. இரண்டாவது மறதியால் நேர்ந்த திகைப்பு. மூன்றாவது அனைத்தும் அறிந்தும் பேசாது விடை தந்த வாய்வாளாமை. மூன்றனையும் ‘சைலன்ஸ்’ என்றே மொழிபெயர்ப்பின் கதையின் அறம் மறைந்துபோம்.

பூவிருந்தவல்லியிற் பிறந்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதராசர்க்குத் திருவாலவட்டப் பணி செய்தவர். இராமாநுசர் தம் ஐயங்களை வெளியிடாமலே, அவற்றுக்கு இறைவன் கருத்தை அறிந்துவர அவரை வேண்டினார் என்பர். நம்பிகள் கொணர்ந்தவை ஆறு வார்த்தைகள். சொல்லப்படாத வினாவும் வினாவே என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

இவ்வாராய்ச்சியாற் பயன் யாதெனின், கூறுதும். வகுப்பில் ‘சைலன்ஸ்’ என ஆணையிடுகின்றோம், மாணவர் அடங்குகின்றனர். அடுத்த நொடியில் வினா விடுக்கின்றோம். அப்போதும் அவர் பேசாதிருக்கின்றனர். முன்னதை ஒழுக்கம் எனப் பாராட்டிய யாமே பின்னதை அறியாமை எனக் குறித்துக் கொள்கின்றோம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்த மாணவன், தன் பேச்சுவழக்குக்கு அவையோர் நகுவர் என அஞ்சியும் வாய் திறவாதிருக்கலாம். எம் வினாவே ஆகாயப்பூவைப் பற்றியதாகவும் இருக்கலாம். இவற்றைப் பகுத்துணராது பல்லாண்டுகள் மதிப்பெண் இட்டோம் என்பதை யாமும் மறைத்தற்கில்லை.

ஆகவே, ஒலியடங்கிய நிலையை அமைதி எனவும், நோன்பாக மேற்கொள்வதை மௌனம் எனவும், பிறரால் நேர்வதை வாயடைப்பு எனவும், அறிந்து விடைகூறாதிருத்தலை வாய்வாளாமை எனவும் வேறுபடுத்தி வழங்குதல் தக்கது என்பது எம் துணிபு. பேசாதான் ஒருவனுக்கு இவற்றுள் எச்சொல் பொருந்தும் என ஆய்ந்த பின்னரே அவனைப் பற்றிய தீர்ப்பைக் கூறுதல் ஆசிரியர்க்கும் நடுவர்க்கும் கடனாம்.